மனநல நெருக்கடிக்கு ஓர் உதவி மையம்: உடுமலை நகர்மன்றத்துக்குத் திறந்த மடல்

பெறுநர்: உடுமலைப்பேட்டை நகர்மன்றத் தலைவர், துணைத் தலைவர், வார்டு உறுப்பினர்கள்

பொருள்: முன்பதிவின்றி யாரும் வரக்கூடிய மனநல நெருக்கடி உதவி மையத்துக்கு நகராட்சி நிதி ஒதுக்குதல்



மனநல நெருக்கடி உதவி மையம் என்பது, இனித் தாங்க முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்ட ஒருவர் சீட்டு, சிபாரிசு, முன்பதிவு எதுவும் இல்லாமல் நேராக வந்து உட்காரக்கூடிய இடம். அவர் தனியாக வரலாம். வீட்டார் அழைத்து வரலாம். போலீஸ்காரரோ ஆட்டோ ஓட்டுநரோ கொண்டுவந்து விடலாம். பயிற்சி பெற்ற ஒருவர் அவர் சொல்வதை அவசரப்படாமல் கேட்பார். உயிருக்கு எந்த அளவுக்கு ஆபத்து இருக்கிறது என்று கணிப்பார். மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய நிலை என்றால் அரசு மருத்துவமனைக்குக் கூடவே போவார். இல்லையென்றால் சில மணி நேரம் அங்கேயே இளைப்பாற விட்டு, நம்பிக்கையான உறவினரை வரவழைத்து, வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். மறுநாளும் அடுத்த வாரமும் கூப்பிட்டு விசாரிப்பார். இதற்குப் படுக்கை வரிசையோ பெரிய கட்டடமோ தேவையில்லை. ஆள் தேவை, அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் தேவை. இந்த மடல் பெரும்பாலும் அந்தச் சம்பளத்தைப் பற்றியது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டவர்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரு லட்சம் பேருக்கு நாட்டின் விகிதம் 12.4, தமிழ்நாட்டின் விகிதம் 25.9. நாட்டளவில் பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம். இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் அதிகமானோர் தினக்கூலிகள். இது போலீஸ் பதிவுகளிலிருந்து எடுத்த கணக்கு. பதிவுக்கு வராமல் போனவை இதில் சேராது.

உடுமலை வட்டாரத்தில் நெருக்கடி எந்த வழியில் வருகிறது என்பதற்கு ஊரின் தொழில்களே சாட்சி. தக்காளி விலை சரிந்தால் வண்டி வாடகைகூடத் தேறாமல் பெட்டி பெட்டியாகச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் விவசாயி இங்கே உண்டு. வாடல் நோயும் வெள்ளை ஈயும் தாக்கி, இருபது முப்பது வருடத் தென்னைகளை ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்ப்பவர் உண்டு. பட்டுப்புழு மனையில் ஒரு பருவத்துப் புழு முழுதும் செத்துப்போய், வாங்கிய கடனுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்பவர் உண்டு. குழுக் கடன் தவணை நாளில் வசூல்காரர் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார் என்பதற்காகவே வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடும் பெண்கள் நகரத்தின் பல தெருக்களில் இருக்கிறார்கள். நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் வெளியூர்ப் பெண்கள், கோழிப்பண்ணையிலும் காகித ஆலையிலும் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இந்த ஊரில் சொந்தமென்று யாருமில்லை. பிள்ளைகள் கோவையிலோ வெளிநாட்டிலோ குடியேறிவிட, தோட்டத்துச் சாளையில் இரண்டு முதியவர்கள் மட்டும் மிஞ்சிய வீடுகள் ஒவ்வொரு கிராமத்திலும் பெருகிவருகின்றன. மே மாதம் தேர்வு முடிவு வரும் வாரம் பிள்ளைகளுக்குத் தனி ஆபத்து. மலைமேல் தளிஞ்சி, மாவடப்பு, குழிப்பட்டி, குருமலை போன்ற குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்களுக்கு உடுமலைதான் முதல் நகரம்.

இவை வாழ்க்கை தரும் நெருக்கடிகள். நோய் தரும் நெருக்கடிகள் வேறு. இருபது வயதுப் பையனுக்குத் திடீரென்று தூக்கம் போய், யாரோ தன்னைப் பற்றிப் பேசுவது காதில் கேட்கத் தொடங்கும். பிரசவமான சில வாரங்களில் தாய் குழந்தையைத் தொடவே பயப்படுவாள். பல வருடம் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, மனம் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கடைசி நிலை உயிரையே எடுக்கக்கூடிய மருத்துவ அவசரம். பேய் பிடித்தது, செய்வினை என்று பூசாரியிடம் அழைத்துப் போவதில் அந்த மூன்று நாளும் கழிந்துவிடுகின்றன. கோயிலுக்குப் போவதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. போகும் வழியில் நம்பிக்கையோடு நுழைய இன்னொரு இடமும் இருந்தால் போதும். வீட்டார் இரண்டையும் செய்வார்கள்.

இப்போது இருப்பவை எவை என்று பார்த்தால், ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய மனநலத் திட்டம் 1982-இலும் மாவட்ட மனநலத் திட்டம் 1996-இலும் தொடங்கின. தமிழ்நாட்டில் மாவட்டத் திட்டம் முதலில் திருச்சிக்கு வந்து, பிறகு எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. மாவட்டக் குழுவின் மனநல மருத்துவர் வட்டார மருத்துவமனைகளுக்கு முறை வைத்து வருகிறார். 2022 அக்டோபர் 10 முதல் டெலி மனஸ் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இயங்குகிறது. 20 மொழிகளில் பேசலாம். திருப்பூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

ஆனால் நெருக்கடி முறைநாள் பார்த்து வருவதில்லை. செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மகன் கதவைச் சாத்திக்கொண்டால், அவனை எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் அழைத்துப் போக எந்தத் தாயாலும் முடியாது. தொலைபேசிச் சேவை அவசியம்தான், ஆனால் பேச வாய் வராதவருக்கும், கைபேசி கணவன் கையில் இருக்கும் பெண்ணுக்கும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால்தான் ஆறுதல் என்பவருக்கும் அது பாதி உதவி. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவு முழுதும் திறந்திருக்கிறது. விபத்துக் காயத்துக்கும் மாரடைப்புக்கும் நடுவில், மனம் உடைந்து வந்தவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச அங்கே யாருக்கும் நேரமில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் அந்த வாசலையே மிதிக்காதவர்களும் உண்டு.

உட்கார்ந்து பேசுவதால் உயிர் மிஞ்சுமா என்ற கேள்விக்குச் சென்னையில் கிடைத்த விடை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தது. மீதிப் பேரிடம் வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் தனியாகப் பேசினார்கள். பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். பதினெட்டு மாத முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதத்தினர். விலை உயர்ந்த மருந்தோ கருவியோ அந்த வேறுபாட்டைக் கொண்டுவரவில்லை. ஒரு மணி நேரப் பேச்சும் ஒன்பது விசாரிப்பும் கொண்டுவந்தன. உடுமலையில் கேட்கப்படும் மையம் செய்யப்போவதும் அதைத்தான்.

நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. எனவே ஒவ்வொரு மையத்திலும் மனநல மருத்துவர் உட்கார வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் மையமே வராது. செவிலியர், உளவியல் அல்லது சமூகப்பணி படித்தவர், பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர் என்று குழு அமைத்து, மாவட்டக் குழுவின் மருத்துவர் போனில் வழிகாட்டி, வாரத்தில் குறித்த நாளில் நேரில் வந்து பார்த்தால் போதும்.

பக்கத்தில் உதவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு முன்பே பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். குடும்பங்கள் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது வெறுப்பினால் அல்ல. பக்கத்தில் வேறு போக்கிடம் இல்லை. இன்று சட்டம் துணை நிற்கிறது: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 18-ஆவது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி தரும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. சேவைக்காக நெடுந்தூரம் அலைய வைக்கக் கூடாது என்கிறது. 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 100-ஆவது பிரிவின்படி, ஆதரவின்றித் தெருவில் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது போலீஸின் பொறுப்பு; அவரை லாக்கப்பில் அடைக்கக் கூடாது. உடுமலை பஸ் நிலையத்துக்கு இந்தப் பிரிவு எவ்வளவு பொருந்தும் என்பதை மன்றத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சட்டம் பொறுப்பை மத்திய, மாநில அரசுகள் மேல்தான் வைக்கிறது, நகராட்சி ஏன் செலவழிக்க வேண்டும் என்ற கேள்வி மன்றத்தில் எழும். நியாயமான கேள்வி. அதற்கு விடை அரசியல் சட்டத்தில் இருக்கிறது. 74-ஆவது திருத்தம் சேர்த்த 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளுக்குரிய 18 பணிகள் உள்ளன. ஆறாவது பணி பொதுச் சுகாதாரம். ஒன்பதாவது, மாற்றுத்திறனாளிகள், மனவளர்ச்சி குன்றியோர் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலம் காப்பது. கிராமப்புறத்துக்கு 11-ஆவது அட்டவணையிலும் இதே கருத்து இருக்கிறது. பழைய வரலாறும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது: சென்னை மாகாணத்தின் 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளாட்சியை நம்பித்தான் எழுதப்பட்டது, நகராட்சி மருந்தகமும் நகராட்சிப் பிரசவ விடுதியும் தமிழ்நாட்டில் நம் பாட்டிமார் காலத்திலேயே வரிப் பணத்தில் நடந்தவை. பிரசவத்துக்கு ஊர் பொறுப்பேற்றது போல மனநலத்துக்கும் பொறுப்பேற்பது புதிய கொள்கை அல்ல.

இனி நிதி. கட்டடத்துக்குப் பணம் கிடைப்பது ஒப்பளவில் எளிது. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு தந்தால் மீதியை அரசு தருகிறது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியும் நாடாளுமன்ற உறுப்பினரின் நிதியும் கட்டடத்துக்கு உதவும். கொங்கு நாட்டில் ஊர்ப் பொதுக் காரியத்துக்குக் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. கல்வெட்டில் பெயர் போட்டால் அறை எழும்பிவிடும். சிக்கல் திறப்பு விழாவுக்கு மறுநாள் தொடங்குகிறது. செவிலியரின் சம்பளத்துக்குக் கல்வெட்டு கிடையாது. நன்கொடையில் தொடங்கி, இரண்டாம் ஆண்டில் ஆள் இல்லாமல் பூட்டப்பட்ட நல்ல கட்டடங்களை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். ஆகையால் நடப்புச் செலவை நகராட்சியின் பட்ஜெட்டில் தனித் தலைப்பாக வைப்பதுதான் இந்த மடல் கேட்கும் முதன்மையான காரியம்.

உள்ளாட்சி வழியாகச் சுகாதாரத்துக்குப் பெரும் பணம் வருவது நடந்திருக்கிறது. 15-ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகள் மூலமான சுகாதார மானியமாக 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் அறிவிக்கப்பட்டு, 500 மையங்கள் 2023 ஜூன் 6 அன்று திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் மருத்துவர் இருக்கும் ஏற்பாடு அது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. இவற்றோடு சொத்து வரியும் இருக்கிறது. புதிய வரி எதுவும் போடாமலே இந்தச் செலவைத் தாங்க முடியும்.

எவ்வளவு ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால், ஒரு நாற்காலியை எந்நேரமும் நிரப்ப நான்கு பேர் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் இருப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு எட்டுப் பேர், விடுமுறைக்கு ஒருவர், மொத்தம் ஒன்பது பேர். ஒருவருக்குச் சராசரியாக மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 27 லட்சம். 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 61,133. அந்தக் கணக்கில் ஆளுக்கு ஆண்டுக்கு 45 ரூபாய்க்கும் குறைவு. மையத்துக்கு வரப்போகிறவர்களில் பெரும்பகுதி சுற்றுக் கிராமத்தார் என்பதால் உடுமலை, குடிமங்கலம், மடத்துக்குளம் ஊராட்சி ஒன்றியங்களும் பங்கு தருவதே முறை. தந்தால் நகராட்சியின் சுமை பாதியாகக் குறையும். முதல் ஆண்டு காலை 8 முதல் இரவு 8 வரை மட்டும் நடத்தி, இரவில் வரும் அழைப்பை 14416-க்கு இணைத்துவிட்டால் ஐந்து பேரே போதும், செலவு 15 லட்சம். ஆனால் அது தொடக்கமாக மட்டுமே இருக்க வேண்டும். இரவில் மூடிக்கிடக்கும் நெருக்கடி மையம் பாதி வேலையைத்தான் செய்யும்.

ஆள் வராத நாளிலும் சம்பளம் தர வேண்டியிருக்கிறதே என்ற ஆட்சேபமும் வரும். தீயணைப்பு நிலையத்தில் தீ இல்லாத நாளிலும் ஆள் இருப்பதை ஊர் வீண்செலவு என்று சொல்வதில்லை. மேலும் ஓய்வான நேரத்துக்கும் இங்கே வேலை உண்டு: ஒன்பது முறை விசாரிக்க வேண்டிய பட்டியல் எப்போதும் கையில் இருக்கும்.

உள்ளாட்சி நிதியில் சம்பளம் தந்து பராமரிப்பு நடத்தும் வழக்கம் தொலைவில் இல்லை. உடுமலையிலிருந்து மூணாறு சாலையில் சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டினால் அந்த வழக்கம் இருக்கும் மாநிலம். கேரளம் 2008-இல் நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் செவிலியருக்கு அங்கே உள்ளாட்சிகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து சம்பளம் தருகின்றன. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பட்ஸ் பள்ளிகள் 2004-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவின. அவையும் உள்ளாட்சியின் பொறுப்பில் நடப்பவை.

நெருக்கடி மையத்துக்கென்றே உள்ளூர் வரி போட்ட ஊரும் உண்டு. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுன்டியில் 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. யாரும் நேராக நுழையக்கூடிய ஐந்து மனநல நெருக்கடி மையங்களுக்காக ஒன்பது ஆண்டு சொத்து வரிக்கு மக்கள் ஒப்புதல் தந்தார்கள். ஐந்தில் ஒன்று இளையோருக்கு. ஆள் கிடைக்காமல் மையம் மூடிவிடக் கூடாது என்பதற்காக ஊழியர் ஊதியத்தையும் பயிற்சியையும் அந்தத் திட்டத்திலேயே சேர்த்தார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் 1971-இல் மனநல மருத்துவமனைப் பொறுப்புக்கு வந்த பிராங்கோ பசாலியா அதைப் படிப்படியாகக் கலைத்து, பேட்டைக்குப் பேட்டை எந்நேரமும் திறந்திருக்கும் சிறு மையங்களை அமைக்க வழி செய்தார். பூட்டிய கதவு இல்லாமலே அவை இன்றும் நடக்கின்றன. நிதியாலும் ஆள்பலத்தாலும் உடுமலைக்கும் அந்த ஊர்களுக்கும் ஒப்பே இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: மையம் சிறியதாக, வீட்டுப்பக்கத்தில், எந்நேரமும் திறந்ததாக இருந்தால் மக்கள் வருகிறார்கள்.

இடம் தேர்வதில் கவனம் வேண்டும். சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மனநல மையத்துக்குப் போனாள் என்ற பேச்சு, பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கு எட்டிவிடும் என்று பயப்படும் குடும்பங்கள் நிறைய. ஆகவே பெரிய பலகையோடு தனிக் கட்டடம் வேண்டாம். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள் நுழையும் அதே வாசலில், நகராட்சியின் ஏதாவது ஒரு சுகாதார நிலையத்தை ஒட்டி மூன்று அறைகள் போதும். ஆதாரும் முகவரியும் கேட்பதற்கு முன் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பது நடைமுறையாக வேண்டும். ஒருவரின் மனநலத் தகவலை ரகசியமாகக் காப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. மன்றத்துக்கு வரும் மாத அறிக்கையில் எண்ணிக்கை இருக்கலாம், பெயர் இருக்கக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, வந்தவர்களில் எத்தனை பேரை ஒரு வாரத்துக்குள் மறுபடி விசாரித்தார்கள் என்ற கணக்கையே மன்றம் கேட்க வேண்டும்.

நோயாளிகளைச் சேர்த்துத் தங்கவைத்தால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் அது தேவைப்படாது: சாய்வு நாற்காலி போதும், படுக்கை வேண்டியவருக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. அந்த மருத்துவமனை, மாவட்ட மனநலத் திட்டக் குழு, காவல் நிலையம், 108 ஆம்புலன்ஸ் ஆகியோரோடு எழுத்தில் உடன்பாடு செய்துகொள்வது கட்டடத்தைவிட முக்கியம். இரவு பதினொரு மணிக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

வரும் பட்ஜெட் கூட்டத்திலேயே மன்றம் இந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்: இடம் நகராட்சியினுடையது, சம்பளத் தலைப்பு குறைந்தது ஐந்து ஆண்டுக்கு உறுதி, ஒன்றியங்களின் பங்கும் மாவட்ட நிர்வாகத்தின் ஒத்துழைப்பும் கேட்டு அதிகாரபூர்வக் கடிதம். கட்சி வேறுபாடு இதில் குறுக்கிட இடமில்லை. எல்லா வார்டிலும் தற்கொலையால் ஒருவரை இழந்த வீடு இருக்கக்கூடும். 16-ஆவது நிதிக்குழுவின் 2026-31 காலத்துக்கு நகராட்சிகள் திட்டம் தீட்டும் நேரம் இது என்பதால், தள்ளிப்போட்டால் ஒரு சுற்று முழுதும் கை நழுவும்.

மையம் வரும்வரை, இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும், அல்லது அவர்கள் வீட்டில் யாருக்கேனும், இப்போதே உதவி வேண்டியிருந்தால் 14416-ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, இரவானாலும் பகலானாலும் தமிழில் பேசலாம்.